அறுபது டிகிரியில் துவைத்த போன்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். சுகமில்லையோ, ஊருக்குப் போய்விட்டாளோ, எழுத விஷயம் தீர்ந்துபோய்விட்டதோ என்றெல்லாம்… ஒன்றுமில்லை. நான் ஒரு போனைத் துவைத்துவிட்டேன்.

அதற்கு எதற்கு மூன்று வாரம் என்கிறீர்களா? கேளுங்கள்.

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். கீழ்த்தளத்தில் ஒரே ஒரு சலவை இயந்திரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து பகல் ஒரு மணிவரை என்னுடைய முறை. அதற்குள் வீட்டிலுள்ள அத்தனை துணியையும் துவைத்து, உலர்த்தி, இயந்திரத்தின் ரப்பர் விளிம்பைத் துடைத்து, பஞ்சைப் பொறுக்கி எறிந்துவிட்டு வெளியேறவேண்டும். தவறினால் மூன்றாம் மாடிப் பெண்மணி கதவில் ஒரு கடிதம் ஒட்டுவார். மிக மரியாதையான கடிதம். அதனாலேயே கூடுதலாக வலிக்கும்.

ஆகவே வெள்ளிக்கிழமைக் காலைகளில் கையில் அகப்படுவதெல்லாம் கூடைக்குள் போகும். அன்றைக்குக் கதிரையில் கிடந்த இவருடைய வேலைக் காற்சட்டையும் போனது. எண்ணெய்க் கறை. அறுபது டிகிரி. பொத்தானை அமுக்கிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அடுத்த கூடையுடன் இறங்கி வந்தபோது, இயந்திரத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஏதோ மின்னியது. நுரைக்குள் ஒரு வெளிச்சம். மேலே போகிறது… கீழே வருகிறது… குனிந்து பார்த்தேன்.

இவருடைய போன். திரை எரிந்துகொண்டிருந்தது. யாரோ அழைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

புதிய வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். இவர் — என் கணவர் சிவநேசன் — ஒரு தொழிற்சாலையில் உலோகம் கடையும் இயந்திரத்தில் வேலை செய்பவர். தலைமயிரின் பருமன்கூடப் பிசகக்கூடாத வேலை. மனிதரும் அப்படித்தான்… அளந்துதான் பேசுவார். நான்கு வருடத்துக்கு முன்னர் இவருடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம் படுக்கையில். மிச்ச நாட்களில் அரைநேர வேலை. என்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று நானும் போய் நின்றேன். எனக்கு நீரிழிவு இருக்கிறது, வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆகவே மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம்.

பட்டியலில் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே ஒன்றுதான். போனைப் பக்கத்தில் வைத்திருங்கள். எந்த நேரமும் அழைப்போம். உங்களைப் பிடிக்க முடியாவிட்டால், சிறுநீரகம் உங்களுக்காகக் காத்திருக்காது.

நான்கு வருடமாக, எந்தப் போனாக இருந்தாலும், அது இவருடன் குளியலறைக்குப் போனது. கோயிலுக்குப் போனது. பூசை நேரத்திலும் சத்தத்தை நிறுத்தமாட்டார். மந்திரத்துக்கு நடுவில் ஐயர் ஒருமுறை திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. 

இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒருநாள் அந்த அழைப்பு வரத்தான் செய்தது. ஓடினோம். ஆறு மணித்தியாலம் வைத்துப் பரிசோதித்துவிட்டு, பொருந்தவில்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். அடுத்த நாள் வழக்கம்போல வேலைக்குப் போனார்.

அப்படிப்பட்ட போன்தான் நுரைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

கதவைப் பிடித்து இழுத்தேன். திறக்கவில்லை. தண்ணீர் முழுவதும் வடிந்தால்தான் திறக்கும். இருந்த பொத்தான்களையெல்லாம் அமுக்கினேன். ஏழு நிமிடம் என்று காட்டியது. சீமெந்து நிலத்தில் முழங்காலில் நின்றபடி அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு சுற்றோ, ஐந்து சுற்றோ… அணைந்துவிட்டது.

போனின் பின்பக்கக் கண்ணாடி ஒரு மாதமாக வெடித்துத்தான் இருந்தது. தண்ணீர் புகுவதற்கு அது போதாதா?

மேலே ஓடினேன். இவர் கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தார். முதல்நாள் டயாலிசிஸ் அசதி இன்னும் முகத்தில் இருந்தது.

"இஞ்சருங்கோ… உங்கட போனைத் தோய்ச்சுப் போட்டன்."

"எதைத் தோய்ச்சனீர்?"

"போனை. காற்சட்டைக்குள்ள இருந்திருக்கு. வெளிச்சம் வந்தது, நான் கண்டனான். ஆஸ்பத்திரியில இருந்துதான் எடுத்திருக்கினம்."

இவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். செய்யவில்லை. கட்டிலிலிருந்து காலைக் கீழே இறக்கினார். பிறகு கையை நீட்டினார்.

"உம்மட போனைத் தாரும்."

ஆஸ்பத்திரியின் மாற்றுப் பிரிவு நம்பர் இவருக்கு மனப்பாடம். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். எடுத்தது ஒரு தாதி. இன்றைக்கு நாங்கள் யாரும் உங்களை அழைக்கவில்லை என்றார். எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"ஆனால், நல்ல வேளை எடுத்தீர்கள்," என்றார் அவர். "உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் உங்கள் மனைவியை அழைக்கவேண்டும் என்று இங்கே இருக்கிறது. இந்த நம்பர் சரிதானே?" என்று வாசித்தார்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

அது என்னுடைய பழைய நம்பர். மூன்று வருடத்துக்கு முன்னர் கைவிட்டது. வருடாவருடம் ஆஸ்பத்திரியில் இருந்து படிவம் வரும்… 'விபரங்களில் ஏதாவது மாற்றம் உண்டா?' வருடாவருடம் இவர் தன் அழகான கையெழுத்தில் 'இல்லை' என்று எழுதி அனுப்புவார். தலைமயிர் அளவுக்குப் பிசகாத மனிதர். நானும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று வருடமாக எங்கள் முழு வாழ்க்கையும் இவருடைய ஒரேயொரு நம்பரில் தொங்கியிருக்கிறது. எங்களுக்கே தெரியாது.

தாதி என் புதிய நம்பரை எழுதி, இரண்டு தரம் திருப்பி வாசித்துக் காட்டினார். புதிய போன் வரும்வரை இதற்கே அழைப்போம் என்றார்.

பேசி முடிந்த பிறகு இவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"வதனி, அந்த வெளிச்சம் எத்தினை மணிக்கு வந்தது?"

"எட்டரை இருக்கும்."

"எட்டரைக்கு என்ர குளிசை அலாரம். மருந்து போடுற நேரம்."

கட்டிலின் விளிம்பில் இருந்து நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

அன்று பிற்பகலே போன் கடைக்குப் போனோம். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற கடை. போகிற வழியில் இவர் சொன்னார், "அங்க போய் என்ர வருத்தத்தைக் கதைக்காதையும். இரக்கப்பட்டுத் தாற போன் எனக்கு வேண்டாம்." சரி என்றேன்.

கடையில் இருந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். சட்டையில் சான்ட்ரா என்று பெயர் குத்தியிருந்தது. போனை எடுத்து ஆட்டினார். உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டது.

"எத்தனை டிகிரி?"

"அறுபது."

"சுழற்றிப் பிழிந்ததா?"

"ஓரளவுக்கு."

கணினியில் 'நீர்ச் சேதம்' என்று எழுதினார். பிறகு எங்களுக்கு விளக்கினார். இந்தப் போன் இரண்டு வருட ஒப்பந்தத்தோடு வந்தது. முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தால்தான் அடுத்த போன். இடையில் முறிப்பதென்றால் மிச்சம் முழுவதையும் கட்டவேண்டும். திருத்த அனுப்பலாம், பத்து வேலை நாள் ஆகும். திருந்தும் என்று உத்தரவாதம் இல்லை.

"சரி, சிம்மைக் கழற்றித் தாருங்கள். வேறொரு பழைய போனில் போடுகிறோம்," என்றேன். கெட்டிக்காரத்தனமாகக் கேட்டுவிட்டதாக நினைப்பு.

இந்தப் போனில் கழற்றுவதற்குச் சிம் இல்லையாம். அது உள்ளுக்குள்ளேயே பதிந்திருக்கிறதாம். வேறு போனுக்கு மாற்றுவதற்கு ஒரு குறியீடு தேவை. அந்தக் குறியீடு எங்கே வரும்? பழைய போனுக்கு வரும். பழைய போன் எங்கே? இதோ, மேசையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் தபாலில்தான் அனுப்பவேண்டும். திங்கள் அல்லது செவ்வாய் வரும்.

சான்ட்ரா கெட்டவர் இல்லை. சட்டத்தைச் சொன்னார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார் — சொல்லாதே என்று. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

அடுத்த இரண்டு நாளும் என் போன் இவரிடம். நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். அங்கே போனை அலுமாரியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அதனால் இவரே வைத்துக்கொண்டார். சட்டைப் பையில் போட்டு, மேலே ஒரு ஊசியும் குத்திக்கொண்டு திரிந்தார்.

சிக்கல் என்னவென்றால், என் போன் ஊருக்கெல்லாம் பொதுவான போன். டொராண்டோவில் இருக்கும் என் அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னுடன் ஒன்றரை மணித்தியாலம் கதைக்கவேண்டும். அன்றைக்கு எடுத்தது இவர். அக்கா கதையைத் தொடங்கினார். இந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி அழைத்தால் என்ற பயத்தில் இவர் முகம் வெளிறிக்கொண்டே போனது.

"மச்சாள், பிறகு கதைப்பம்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அக்கா கோபத்துடன் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். "உன்ர மனிசன் போனை வைச்சுப்போட்டார் என்ன? இருபத்திமூண்டு வருசத்தில இப்பிடி ஒருநாளும் செய்யேல்லையே. அங்க உங்களுக்கு ஏதும் பிரச்சினையோ?" அந்தப் பதிவையும் முதலில் கேட்டது இவர்தான்.

திங்கட்கிழமை. தபாலில் ஒன்றும் வரவில்லை. நான் அரைநாள் லீவு போட்டேன். இவர் வேலை முடிந்து வந்தார். இரண்டரை மணிபோல மறுபடியும் கடைக்குள் நுழைந்தோம்.

"அறுபது டிகிரி," என்று சான்ட்ரா சிரித்தார். எங்களை மறக்கவில்லை. "நானும் யோசித்துப் பார்த்தேன். உங்களுடைய சொந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது?" என்று என்னிடம் கேட்டார்.

"என்னுடையதா?"

"உங்களுடையதுதான். முடிந்திருந்தால் உங்கள் பெயரில் இன்றைக்கே ஒரு புதிய போன் தரலாம். அதை யார் பாவித்தால் எங்களுக்கென்ன?"

மூன்று நாளாக நாங்கள் இருவரும் மண்டையைப் போட்டு உடைத்தோம். இது ஏன் தோன்றவில்லை? இவருடைய ஒப்பந்தம், இவருடைய ஒப்பந்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

சான்ட்ரா பதிவுகளைத் தேடினார். என்னுடையது போன வருடமே முடிந்திருந்தது. "ஒரு நிமிட வேலை. உங்கள் போனுக்கு ஒரு குறியீடு அனுப்புகிறேன். போனைத் தாருங்கள்."

இவர் ஊசியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, மனமில்லாமல் கொடுத்தார். சான்ட்ரா இடது கையில் போனைப் பிடித்தபடி வலது கையால் தட்டத் தொடங்கினார்.

போன் அடித்தது.

சான்ட்ரா திரையைப் பார்த்தார். "நம்பரை மறைத்து எடுக்கிறார்கள். விளம்பரக்காரர்கள்தான். காலையிலிருந்து எனக்கும் இதே தொல்லை…" என்றபடி பெருவிரலைச் சிவப்பு வட்டத்துக்குக் கொண்டுபோனார்.

"நைன்!"

வேண்டாம் என்று ஜெர்மனில் கத்தியவர் இவர்தான். இவர் குரல் உயர்ந்து நான் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சான்ட்ராவின் விரல் அப்படியே நின்றது. இவர் மேசைக்கு மேலால் எட்டிப் போனைப் பறித்துக் காதில் வைத்தார்.

"சிவநேசன்."

பிறகு கேட்டுக்கொண்டே நின்றார். நான் இவர் வாயையே பார்த்தேன். "காய்ச்சல் இல்லை… இருமல் இல்லை… மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டேன்…" ஜெர்மனில் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசிக் கேள்விக்கு அந்தச் சுவிஸ் தாதியிடம் தமிழில் "ஓம்" என்றார். பிறகுதான் திடுக்கிட்டு "யா, யா" என்றார்.

போனைக் கீழே இறக்கினார்.

"வதனி… வரட்டாம்."

சான்ட்ராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கே வரச் சொல்கிறார்கள், யார், ஏதாவது கெட்ட செய்தியா என்று கேட்டார். இனி என்ன மறைப்பு? மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். சிறுநீரகம், நான்கு வருடம், இரண்டு மணித்தியாலத்துக்குள் சூரிச்சில் நிற்கவேண்டும். அவர் தன் பெருவிரலைப் பார்த்தார். பிறகு அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார்.

அது ஒரு வினாடிதான். அடுத்த வினாடி போனின் பற்றரியைப் பார்த்தார். ஒன்பது வீதம். சுவரில் தொங்கிய பவர் பாங்க் ஒன்றை இழுத்தெடுத்து, பெட்டியைப் பல்லால் கிழித்து, வயரைக் குத்தி என் கையில் திணித்தார்.

"இதற்கு எவ்வளவு…" என்று தொடங்கினேன்.

"போங்கள்."

"ஒப்பந்தத்தில் கையெழுத்து…"

"போங்கள் என்கிறேன். எட்டு நிமிடத்தில் ரயில் இருக்கிறது."

ஓடினோம். "ஓடாதேங்கோ, உங்களுக்கு ஏலாது," என்று கத்தியது நான். முன்னால் ஓடியது இவர். மேடையில் ரயில் நின்றது. உடுப்புப் பை இல்லை, பல்துலக்கி இல்லை. இவர் காலில் தொழிற்சாலைச் சப்பாத்து. ஏறி உட்கார்ந்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது… எதிரில் இருந்த மனிதர் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரிப்பு.

சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் சிக்னல் போய்விட்டது. இவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"இந்தமுறையும் திருப்பி அனுப்பிச்சினம் எண்டால், நீர் அழக்கூடாது."

"நீங்கள்?"

"நானும் அழமாட்டன்."

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். படம் எடுத்தார்கள். பிறகு ஒரு சின்ன அறையில் காத்திருக்கச் சொன்னார்கள். போனமுறையும் இப்படித்தான். இவர் சுவரிலிருந்த படத்தின் சட்டம் ஒரு பக்கம் சரிந்திருக்கிறதென்று எழும்பி நேராக்கினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எழும்பி நேராக்கினார்.

இருட்ட முன்னர் டாக்டர் வந்தார். உயரமான பெண். கதிரையை இழுத்து இவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல வந்தவர் ஏன் உட்காரப் போகிறார்? அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பொருந்துகிறது," என்றார்.

ரயிலில் கொடுத்த வாக்கை இரண்டு பேரும் அங்கேயே மீறினோம்.

சத்திரசிகிச்சை நேரத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. கதவுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது தெரியும். இல்லாதவர்களுக்குச் சொல்லி விளங்காது. செவ்வாய்க்கிழமைக் காலையில் என்னை உள்ளே விட்டார்கள். இவர் அரைக்கண் திறந்து கிடந்தார். கட்டிலின் பக்கத்தில் ஒரு பை தொங்கியது. தாதி அதைப் பெருமையாகத் தூக்கிக் காட்டினார். மஞ்சள் நிறத்தில், நிறைய.

சிறுநீர்தான். ஒரு மனிதன் வருடக்கணக்காக மறந்துபோயிருந்த காரியம். அவ்வளவு அழகான ஒன்றை நான் எந்த மலைக்கும் எந்த ஏரிக்கும் போய்ப் பார்த்ததில்லை. இதைப் பத்தியில் எழுதலாமோ என்று பிறகு இவரிடம் கேட்டேன்.

"எழுதும். அளவையும் சரியா எழுதும். ஆயிரத்து நானூறு மில்லிலீற்றர்."

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். முகத்தில் நிறம் வந்திருக்கிறது. மாத்திரைகள் கை நிறைய, சோதனைகள் வாரத்தில் இரண்டு. இன்னும் பல மாதம் கவனமாக இருக்கவேண்டும் என்கிறார்கள். இருப்போம்.

யன்னல் பூட்டியிருக்கிறதா, அடுப்பு நின்றிருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தரம் பார்க்கிற ஆட்கள் நாங்கள். அவசரத்துக்கு எங்களைத் தேடுகிறவர்களின் கையில் எந்த நம்பர் இருக்கிறதென்று எப்போதாவது பார்த்தோமா? நான் அன்று போனைத் துவைக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் பார்த்திருக்கமாட்டோம். அதற்காகப் போனைத் துவைக்கச் சொல்லவில்லை… ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர் யாரென்று சொல்லமாட்டார்கள். ஆணா பெண்ணா, எந்த ஊர்… ஒன்றும் தெரியாது. அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால், அவர்கள் வீட்டிலும் ஒரு போன் அடித்திருக்கும் அல்லவா? அவர்களுக்கு என்ன சொல்லியிருப்பார்கள்? பெயர் போடாமல் ஒரு நன்றிக் கடிதம் எழுதிக் கொடுத்தால் ஆஸ்பத்திரி அந்தக் குடும்பத்திடம் சேர்ப்பிக்கும். இவர் எழுதுகிறார், கிழிக்கிறார், எழுதுகிறார். நாலு வரி இன்னும் முடியவில்லை.

போன சனிக்கிழமை பவர் பாங்கைத் திருப்பிக் கொடுக்கவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவும் கடைக்குப் போனேன். சனிக்கிழமைக் கூட்டம். வரிசையில் நின்று என் முறை வந்ததும், சான்ட்ரா மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"வேலை செய்கிறதா?"

"முதல் நிமிடத்திலிருந்தே."

"ஒரு பிரச்சினையும் இல்லையா?"

"ஒன்றுமில்லை. டாக்டர்களே ஆச்சரியப்படுகிறார்கள்," என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகை முந்திக்கொண்டது. சான்ட்ராவுக்கும் கண் கலங்கிவிட்டது.

எனக்குப் பின்னால் நின்ற மனிதர், பழைய போனைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மன்னிக்கவேண்டும்… அது என்ன மாடல்?"

"புதியது இல்லை," என்றேன். "யாரோ ஒரு நல்ல மனிதர் பாவித்தது."